தண்ணீர் ஊற்றிய டாக்டர்

ஊசி போடாத ஆளை எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டராகச் சேர்த்துக்கொள்வதில்லை. காய்ச்சலோ கழுத்துப் பிடிப்போ, போனவுடன் ஊசி போட வேண்டும். அதையும் இடுப்பில் போட வேண்டும். இரண்டு நாளைக்கு அந்த இடம் கடுத்தால்தான் வைத்தியம் நடந்திருக்கிறது என்று மனசு ஆறும். முடியாமல் கிடப்பவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் அந்த டாக்டரை ஊரே கும்பிடும்.

விருதுநகர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் இந்த இரண்டிலும் தேறாதவர். ஊசி கேட்டால் வள்ளென்று விழுவார். நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, நாலு மாத்திரையைத் துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, கஞ்சி குடித்துவிட்டுப் படு என்று அனுப்பிவிடுவார். வெளியே பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஒருத்தியைத் திட்டுவது பத்துப் பேருக்கும் கேட்கும். ஊர்க்காரர்களை மார்க் போடச் சொல்லியிருந்தால் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு பெயிலாக்கியிருப்பார்கள். பக்கத்தில் வேறு கிளினிக் கிடையாது. பட்டாசுக் கம்பெனிகளும் கை கால் காயம் என்றால் அவரிடம்தான் அனுப்பின. அதனால் கூட்டம் மட்டும் குறையவில்லை.

அந்தக் கூட்டத்தில் நான் நிரந்தர ஆள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அடிப்பது நின்றால் ஏன் நின்றது என்று பயம் வரும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் வேலை. மாதத்துக்கு மூன்று தடவையாவது அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "உனக்கு நோவே கிடையாதும்மா. பயந்து பயந்து நீயா உண்டாக்கிக்கிடுற" என்பார். அந்தப் பேச்சுக்காக அவர் மேல் எனக்கு ஆத்திரம். ஆனாலும் அவர் குழலை எடுத்த பிறகு அன்றைக்குப் பொழுது படபடப்பில்லாமல் போகும் என்பதும் உண்மை.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். எங்கள் வீட்டில்தான் அவன் இருந்தான். இருபத்து நாலு வயசு, வாய்த் துடுக்கு. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினால், "மதினி, இன்னைக்கு டாக்டருக்கு என்ன நோவு கொண்டு போறீக?" என்று கேட்பான். நான் வேலை பார்த்த கம்பெனியிலேயே அவன் மருந்துக் கலவை ரூமில் இருந்தான். மருந்து என்று நாங்கள் சொல்வது பட்டாசுக்குள் அடைக்கும் பொடியை. அந்த வேலைக்குக் கூலி கூட. வெள்ளி மாதிரி மின்னுகிற அலுமினியப் பவுடர் காது மடல் வரைக்கும் அப்பியிருக்கும். அவன் ரூமைக் கம்பெனிக்காரர் நேராக நடத்தவில்லை, உள்குத்தகைக்கு விட்டிருந்தார். நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் சீசன் வந்தால் பத்துப் பேர் இருப்பார்கள். அதை மேய்க்க ஒரு போர்மேன்.

வெடி வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. மருந்துக்கு ஈரம் ஆகாது. கை கழுவினால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நெற்றி வியர்வை தட்டில் சொட்டக் கூடாது. மழை வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். நனைந்த மருந்து தானாகச் சூடேறும், புகையும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். இதை நான் வாய் வார்த்தையாக மட்டும் கேட்டவள் இல்லை. ஒரு ஐப்பசியில் ஓடு ஒழுகி ஒரு தட்டு நனைந்துபோனது. அரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. பெண்கள் சிலர் திரும்ப உள்ளே போகப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து ரூமின் கூரை மொத்தமாக எழும்பிக் கருவேலங்காட்டில் போய் விழுந்தது. வாசலில் நின்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு காதும் அன்றோடு போயிற்று. அதற்குப் பிறகு ஈரக் கையோடு யாராவது பக்கத்தில் வந்தாலே நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. போர்மேன்கள் இடுப்பில் மட்டும் செல்போன் தொங்கிய காலம். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. படபடப்பு என்று சொல்லி அன்று நான் வேலைக்குப் போகாமல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். டாக்டர் என் முதுகில் குழலை வைத்து மூச்சை இழு என்று சொன்னபோது சத்தம் கேட்டது. ஒன்று பெரிதாக, பின்னாலேயே நாலைந்து சின்னதாக. ஜன்னல் கண்ணாடி ஆடியது. எங்கள் பக்கத்து ஆட்கள் சத்தம் கேட்டதும் திசையைப் பார்ப்பார்கள். நர்ஸ் அக்கா வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு ஆனைக்குட்டம் பக்கம் என்றார். டாக்டர் குழலைக் கழற்றி மேஜையில் வைத்து, மற்ற நோயாளிகளை வெளியே போகச் சொன்னார். என்னையும் போகச் சொன்னார். எங்கள் கம்பெனி அந்தப் பக்கம்தான், நான் போகவில்லை.

கால் மணி நேரத்தில் அட்டைப் பெட்டி ஏற்றுகிற மினி லாரி வந்து நின்றது. போர்மேனும், ஓடித் தப்பிய கலவை ரூம் ஆட்கள் இரண்டு பேரும் தார்ப்பாயில் ஒருவனைப் போட்டுத் தூக்கி வந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் பாதி வெள்ளி நிறம், பாதி கரி. தலைமுடி பொசுங்கி உருண்டைகளாக ஒட்டியிருந்தது. இடது கையின் தோல் முழங்கையிலிருந்து உரிந்து விரல் நுனியில் தொங்கியது. அதன் கீழே ரோஸ் நிறத்தில் இன்னொரு கை. கறி கருகின வாடை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்தக் கருப்பு முகத்தில் வாய் திறந்து "மதினி" என்றது.

டாக்டர் கத்தரியால் சட்டையை வெட்டினார். சதையோடு ஒட்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்து எறிந்தார். காய்ந்த துணியால் உடம்பில் இருந்த பவுடரைத் தட்டித் தட்டித் துடைத்தார். அவர் கை படும்போதெல்லாம் கொழுந்தன் அலறினான். அந்த அலறலுக்கு நர்ஸ் அக்காவே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவனைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார் டாக்டர். அங்கே ஒரு சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் துவைக்கிற கல். கல்லின் மேல் சுத்தமான துணியை விரித்து அவனைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை மொண்டார்.

அந்த இரண்டு ஆட்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் திரும்பி ஓடினார்கள். கிளினிக்கைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த புளிய மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்கள். கம்பெனியில் பழக்கிவிட்ட ஓட்டம் அது. எனக்கும் கால் பரபரத்தது.

போர்மேன் ஓடவில்லை. டாக்டரின் கையைப் பிடித்தார்.

"சார், மேல மருந்து இருக்கு சார். தண்ணி ஆகாது. ஆளு வெந்து போவான்."

"விடுய்யா கைய."

"உங்களுக்குத் தெரியாது சார். நாங்க இதுலயே கெடக்கிறவுக."

டாக்டர் உதறினார். போர்மேன் சட்டைக் காலரைப் பிடித்தார். டாக்டர் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியதில் போர்மேன் சுவரில் மோதி உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து கிடக்க, டாக்டர் என் பக்கம் திரும்பிப் பிளாஸ்டிக் சொம்பை நீட்டினார்.

"ஏம்மா, நீ ஊத்து. மெதுவா, நிறுத்தாம ஊத்து. நான் ஊசி ஏத்தணும்."

முதல் சொம்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். சீறும் என்று நினைத்தேன். புகையும் என்று நினைத்தேன். இரண்டாவது சொம்பிலும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் கண்ணைத் திறந்தேன். பவுடர் வெள்ளி நிறமாகக் கரைந்து கல்லிலிருந்து வடிந்து கால்வாயில் ஓடியது. குவிந்து கிடந்தால் மருந்து, சிதறிக் கிடந்தால் வெறும் அழுக்கு. அவ்வளவுதான் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. டாக்டர் அவன் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் தேடி ஊசியைக் குத்திப் பாட்டிலை மாட்டினார். வலிக்கு ஒரு ஊசியும் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்றார். இருபது நிமிஷம் ஊற்றினேன். முதலில் அலறிக்கொண்டிருந்தவன் போகப் போக அடங்கினான்.

பிறகு டாக்டர் சலவைத் துணியால் மூடிவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டு போக வேண்டும் என்றார். இந்த உடம்புக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வழி, தன்னால் இவ்வளவுதான் முடியும் என்றார். அப்போதுதான் போர்மேன் சுவரோரத்திலிருந்து எழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்தால் ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணும். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தார். ஓனர் எடுக்கவில்லை. இங்கேயே வைத்துப் பாருங்கள், என்ன செலவானாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று டாக்டரிடம் கெஞ்சினார். மினி லாரியின் சாவி அவர் பையில் இருந்தது. டிரைவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் முதலில் எடுத்துச் சொன்னார். அப்புறம் கத்தினார். ரோட்டில் போன இரண்டு கார்களை மறித்துப் பார்த்தார். உள்ளே கிடந்தவனை எட்டிப் பார்த்ததும் இரண்டும் ஏற்றாமல் போய்விட்டன. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அந்தப் போர்மேன்தான் வேலை கொடுப்பவர். கடைசியில் டாக்டர் நேரே போய் அவரைச் செவிட்டில் அறைந்தார். போன் தெறித்துத் தரையில் உருண்டது. டாக்டர் அவர் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கி டிரைவரிடம் எறிந்தார்.

நானும் நர்ஸ் அக்காவும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனோம். நர்ஸ் அக்கா பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். விருதுநகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கொழுந்தனின் மூச்சு இழுத்தது, நின்றது, இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை. நர்ஸ் அக்கா தொண்டையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தார். சாயங்காலம் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் பிணத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்க விடவில்லை. சுடுகாட்டுக்குப் போய் எரித்துவிட்டு ஆண்கள் குளித்துத் திரும்பியபோது மூன்று மணி. எங்கள் வீட்டு முன்னால் சாமியானாவுக்குக் கீழே நாற்பது பேர் இருந்தார்கள். போர்மேனும் வந்திருந்தார். அறை வாங்கிய காது வீங்கியிருந்தது. அவர்தான் பேச்சை எடுத்தார். பையனைக் கொண்டு போகும்போது நல்லாப் பேசினான், தண்ணி தண்ணி என்றுகூடக் கேட்கவில்லை, அந்த ஆள்தான் மருந்து அப்பின உடம்பு மேலே வாளி வாளியாய் ஊற்றிப்புட்டான், தடுத்ததுக்கு என்னை அடிச்சான், இந்தா பாருங்க காதை என்றார். புளிய மரத்துக்கு ஓடிய இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் வெடி வேலை தெரியாத ஆள் ஒருத்தர் கிடையாது. மருந்தையும் தண்ணீரையும் ஒன்றாகச் சொன்ன பிறகு அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உள்ளே இறங்கி அவித்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். படித்தவன் செய்கிற வேலையா என்று இன்னொருவர். ஊசி போடவே கை வராத டாக்டர் தண்ணியை மட்டும் ஊத்தினானாக்கும் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் வீட்டுக்காரர் தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது.

"நீ அங்கன தான இருந்த. ஊத்துனாரா?"

சொல்ல வேண்டியது எல்லாம் எனக்குத் தெரியும். எதுவும் சீறவில்லை என்று தெரியும். ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியும். சொம்பு யார் கையில் இருந்தது என்றும் தெரியும். போர்மேன் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரியும்.

"ஊத்துனாக" என்றேன்.

அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. எழுந்துவிட்டார்கள். சுடுகாட்டு வேலைக்கு வெட்டி வைத்ததில் மிச்சமிருந்த கருவேலங்கட்டைகளைச் சிலர் எடுத்தார்கள். சைக்கிளிலும் ஒரு மினி லாரியிலும் போனார்கள். நான் பின்னால் ஓடினேன். பெண்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். உதறிவிட்டு ஓடினேன். ஒன்றரைக் கிலோமீட்டர். நெஞ்சு அடித்துக்கொண்டதா இல்லையா என்று அன்று நான் பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கிளினிக் பலகை உடைந்து வாசலில் கிடந்தது. ஜன்னல் வழியாக மாத்திரை டப்பாக்கள் வந்து விழுந்தன. ஊசி கொதிக்க வைக்கிற பாத்திரத்தை ஒருவன் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான், அது நசுங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் அக்காவை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒரு காதின் கம்மல் அறுந்து மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவர் இழுத்தவன் கையைக் கடித்துவிட்டுச் சந்துக்குள் ஓடினார்.

டாக்டர் பின்கட்டில் இருந்தார். எனக்கு முன்னால் நாலு வரிசை ஆட்கள் நின்றார்கள், இடுக்கில்தான் தெரிந்தது. சட்டை கிழிந்து வெறும் பனியனோடு இருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. கட்டை தோளில் விழுந்த சத்தம் காய்ந்த விறகைப் பிளக்கிற மாதிரி கேட்டது. அவர் வலது கையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து ஒருவன் மிதித்தான். என் வீட்டுக்காரர் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினார். "ஊத்துனீல்ல, குடி. குடிலே." தூக்கினார். அமுக்கினார். என் வீட்டுக்காரரின் முகத்தில் தண்ணீரும் கண்ணீரும் சேர்ந்து ஓடின. என்னை ஒரு நாளும் கை நீட்டி அடிக்காத மனுஷன் அவர்.

மூன்றாவதோ நாலாவதோ தடவை தூக்கியபோது டாக்டரின் கண் என் மேல் விழுந்தது. கண்ணாடி இல்லாத கண். என்னை அடையாளம் தெரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இவள்தான் ஊற்றினாள் என்று அவர் கையை நீட்டியிருக்கலாம். அந்தப் பிடி கொஞ்சமாவது தளர்ந்திருக்கும். நாற்பது பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். அவர் வாயைத் திறந்தார். மூச்சு வாங்கத்தான் திறந்தார். மறுபடி தலை உள்ளே போனது.

நான் கத்தவில்லை. இப்போது நினைத்தாலும் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ரோட்டில் வந்த பஸ்ஸை யாரோ நிறுத்தினார்கள். அதிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வந்த பிறகுதான் அடித்தவர்கள் கை ஓய்ந்தது. டாக்டர் செத்துவிட்டார் என்று நினைத்துக் கல்லின் மேல் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் சாகவில்லை. மூன்று விரல் எலும்பும் தோள் எலும்பும் உடைந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

போலீஸ் வந்தது. என் வீட்டுக்காரர் பேரோடு சேர்த்துப் பதினோரு பேர் மேல் கேஸ். எல்லோரும் மல்லாங்கிணறு பக்கம் சொந்தக்காரர் வீடுகளில் ஒளிந்தார்கள், ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். போர்மேன்தான் சரிக்கட்டியிருப்பதாகப் பேச்சு. அப்போது விருதுநகர் சுகாதார ஆபீசிலிருந்து ஒரு மேடம் விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. அந்தக் கிளினிக்கில் சிகிச்சை ஒழுங்காக நடந்ததா இல்லையா என்று நேரில் பார்த்தவர்களைக் கேட்டு எழுதப் போகிறாராம்.

முந்தின நாள் போர்மேன் வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தேன், குடித்தார். அமைதியாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, சங்கதி ரொம்பச் சின்னது. டாக்டரு தப்புன்னு எழுதிட்டாகன்னா நம்மாளுக மேல உள்ள கேசு நிக்காது. டாக்டரு சரின்னு எழுதிட்டாகன்னா ஒன் வீட்டுக்காரரு உள்ள போயிருவாரு. நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லு போதும். அன்னைக்குச் சொன்னியே, அதே வார்த்தை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் காலி மோர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை. மேடம் வயசானவர், மூக்குக்கண்ணாடி, பேச்சில் அவசரம் இல்லை. கையில் அச்சடித்த தாள். நோயாளி வந்ததும் டாக்டர் பார்த்தாரா, காத்திருக்க வைத்தாரா, என்ன செய்தார் என்று வரிசையாகக் கேட்டுக் கட்டங்களில் டிக் அடித்தார். எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கிலேயே இருந்தது. தண்ணீர் ஊற்றினாரா என்று கேட்டதும் ஊற்றினார் என்று சொல்லிவிட்டேன். வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் போர்மேனின் தோள் தெரிந்தது. எழுந்துவிடலாம் என்று முந்தானையைச் சேர்த்துப் பிடித்தேன்.

மேடம் தலையைத் தூக்காமல், எவ்வளவு நேரம் ஊற்றினார் என்று கேட்டார்.

"இருபது நிமிஷம்."

"அவ்வளவு சரியா எப்படிம்மா தெரியும்?"

"நாந்தான ஊத்துனேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். ஜன்னலில் இருந்த தோள் நகர்ந்தது. தீக்காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியதே அதுதான் அம்மா, அந்த டாக்டர் செய்தது சரி என்றார் மேடம். அப்புறம் எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது என்று கேட்டார். ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. சாவி, போன், மறித்த கார்கள், அறை, எல்லாம் சொன்னேன். வீட்டு முன்னால் அன்றைக்கு நான் ஒரு வார்த்தையோடு நிறுத்தியதையும் சொன்னேன். அவர் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். ரேகை வைக்க மை டப்பாவைத் தள்ளினார். எழுதத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நடு வீட்டில் நின்றார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதல் அடி கன்னத்தில். அடுத்தது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, விழுந்துவிட்டேன். முடியைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் சாத்தினார். காதுக்குள் வண்டு ரீங்காரம். உதடு பல்லில் குத்தி வாய் முழுக்க உப்பு. அடுப்படியில் கிடந்த அகப்பையை எடுத்து அடித்தார், காம்பு முறிந்தது. "நீயா ஊத்துன? நீயா?" ஒவ்வொரு அடிக்கும் அதையே கேட்டார். வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நானும் தடுக்கவில்லை. ஆமாம், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று கை நின்றது. அவர் முறிந்த காம்போடு என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது.

"நீ ஊத்தும்போது அவன் என்ன சொன்னான்?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மேடம்கூடக் கேட்கவில்லை.

"இன்னும் ஊத்துங்க மதினின்னு சொல்லுச்சு. எரிச்சல் அடங்குது, நிறுத்திராதீகன்னு சொல்லுச்சு."

"அவனா சொன்னான்?"

"தம்பிதான் சொல்லுச்சு."

காம்பைப் போட்டுவிட்டு அவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். வாசலில் நின்றவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள். நான் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். அன்று அவர் சாப்பிடவில்லை, நானும் உலை வைக்கவில்லை.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், டாக்டரைத் தண்ணீரில் அமுக்கியது தான்தான் என்றும், அங்கே கிளம்பிப் போக வைத்தது யார் என்றும் சொல்லியிருக்கிறார். போர்மேன் அதற்குள் கேரளாப் பக்கம் போய்விட்டார். கம்பெனி அந்த ரூமை இடித்து மண்ணைப் பரப்பி, அங்கே ரூமே இருந்ததில்லை என்றது. டாக்டர் குணமானதும் இங்கே வரவில்லை. அவர் ஊர் எது என்றுகூட எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரரை விருதுநகரில் ஜெயிலில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார். சாப்பாடு எப்படி, வக்கீல் என்ன சொன்னார் என்று நான் பேசிக்கொண்டிருப்பேன். அவர் காதில் விழுந்த மாதிரி இருக்காது. நேரம் முடிந்து வார்டர் கையைத் தட்டும்போதுதான் கேட்பார்.

"நிறுத்தாமத்தான ஊத்துன?"

"நிறுத்தல" என்பேன்.

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போவார். அடுத்த வாரமும் அதையேதான் கேட்டார்.